தென்னையில் வெள்ளை ஈ: மருந்தடிக்கும் பம்பைக் கையில் எடுக்கும் முன்

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் புதிதாகத் தோப்பு வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2016-ல் பொள்ளாச்சி, பாலக்காடு தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ தென்பட்டபோது இந்த வட்டாரமே செய்த தவறுகளை அவர்கள் அப்படியே திரும்பச் செய்கிறார்கள். தண்ணீர் விடாமல் காயவிடுவது தவறு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

ஈயைக் கண்டதும் மருந்தடிப்பது

எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். இந்த ஈ கீற்றின் அடியில் சுருள் சுருளாக முட்டையிடும். குஞ்சுகள் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீராகக் கழிக்கும். அது கீழ் ஓலைகளில் விழுந்து கரும்பூசணம் படரும். வெயில் படாமல் ஓலை உணவு தயாரிப்பது குறையும். பார்க்க நெஞ்சு பதறும், சரி. ஆனால் இந்த ஈயால் மட்டும் மரம் சாவதில்லை.

பக்கத்துத் தோப்புத் தம்பி ஒருவர் கடையில் கொடுத்த இரண்டு மருந்தைக் கலந்து தோப்பு முழுக்க அடித்தார். "ஒரு ஈ கூட இல்லீங்ணா" என்று சந்தோஷமாகப் போன் செய்தார். அடுத்த மாதமே ஓலையடியில் முன்னைவிடத் திட்டாக வெள்ளை அப்பியிருந்தது. மருந்துச் செலவு, ஆள் கூலி எல்லாம் போயிற்று.

காரணம் இதுதான். தாக்கப்பட்ட செடி சும்மா நிற்பதில்லை. உள்ளே ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோன்கள் சுரந்து மற்ற இலைகளுக்கும் எச்சரிக்கை போகும். பல செடிகள் தனி வாசனையை வெளியிட்டு, பூச்சியைத் தின்னும் பூச்சிகளை வரவழைக்கும். ஆனால் வெள்ளை ஈ கெட்டிக்காரப் பூச்சி. தக்காளி போன்ற செடிகளைத் தாக்கும் வெள்ளை ஈ இனம் சாலிசிலிக் வழியைத் தூண்டிவிட்டு, தனக்கு ஆகாத ஜாஸ்மோனிக் வழியை அமுக்கிவிடுகிறது. அப்போது வெளியிலிருந்து வரும் துணைதான் பெரிய பலம். நம் தென்னைக்கு அந்தத் துணை என்கார்சியா என்ற பொடிக் குளவி. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவி. மெழுகுப் பூச்சுக்கு அடியில் இருக்கும் ஈக்குஞ்சுகள் பல தப்பிவிடும். காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஈக்கு ரசாயன மருந்து வேண்டாம் என்றே சொல்கிறது.

முதலில் லென்ஸ் வைத்து ஓலையடியைப் பாருங்கள். குஞ்சுக் கூட்டில் வட்டமாக ஓட்டை தெரிந்தால் குளவி வந்துவிட்டது, பம்பைக் கீழே வையுங்கள். தெரியாவிட்டால், குளவி உள்ள தோப்பிலிருந்து ஓலைத் துண்டு வாங்கி வந்து கட்டுங்கள். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடலாம், கீற்றின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி தெளித்தால் காய்ந்து உரிந்து விழும்.

ஓலை வெளுத்ததும் யூரியா

யூரியாவால் தழைச்சத்து மிஞ்சினால் ஓலை மென்மையாகும், சாற்றில் அமினோ அமிலம் ஏறும், உறிஞ்சும் பூச்சி பெருகும். பொட்டாஷைக் குறைக்காதீர்கள்.

அடிமரத்தில் ஆணி, படிவெட்டு

தென்னந்தண்டில் காயம் ஆறாது. காயத்தின் வாசனைக்கு, தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு வரும்.

வாடல் நோய்க்கு மருந்து தேடுவது

கிடையாது. 1882 வாக்கில் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் தெரியவந்த கேரள வாடல் நோய்க்கு இன்றுவரை மருந்தில்லை. இந்த நோயை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா என்ற கிருமியைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. கீற்று விலா எலும்பு போல உள்ளே வளைந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம், ஆண்டுக்குப் பத்துக் காய்கூடத் தராத நோய் மரத்தை எடுத்துவிட்டு, கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா போன்ற தாங்கும் ரகங்களை நடுங்கள்.