விவிலிய எபிரெயத்தில் ஒரு பொருளின் பெயர் எப்படிப் பிறந்தது என்று கண்டறிவது

பழைய ஏற்பாட்டில் வரும் திறவுகோல், குறடு, திரிகை, துருத்தி போன்ற பொருள்களுக்கு எபிரெயர் எந்த அடிப்படையில் பெயரிட்டார்கள் என்று அறிய, எபிரெய எழுத்துகளை வாசிக்கக் கற்றிருந்தாலே போதும். மொழியை முழுமையாகக் கற்று முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்காமல், வசனத்திலுள்ள எபிரெயச் சொல்லையே எடுத்துக்கொண்டு, அதன் முன்னால் நிற்கும் 'ஹ' என்ற சுட்டையும் பின்னால் வரும் 'ஈம்', 'ஓத்' என்ற பன்மை விகுதிகளையும் முதலில் நீக்குங்கள். எஞ்சும் உருவில் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆன வேர் ஒன்று தென்படும்.

அடுத்து, சொல் 'ம' என்ற எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். கருவியையும் இடத்தையும் குறிக்கும் பெயர்களில் மிகப் பல, வினைவேரின் முன் இந்த எழுத்து சேர்ந்து பிறந்தவை. நியாயாதிபதிகள் 3:25 இதற்கு நல்ல பயிற்சிக் களம். எக்லோனின் ஊழியக்காரர் 'மஃப்தேயாஹ்' எடுத்துத் திறந்தார்கள் என்று அங்கே வருகிறது. 'திறந்தார்கள்' என்ற வினையிலும் அந்தக் கருவியின் பெயரிலும் ப-த-ஹ என்ற அதே மூன்று மெய்களே நிற்கின்றன. ஏசாயா 6:6இலும் இப்படித்தான்: சேராபீன் நெருப்புத்தழலை எடுத்த குறட்டின் பெயரான 'மெல்காஹாயிம்', 'எடுத்தல்' என்ற வினையின் வேரிலிருந்தே வந்தது, அந்த வினையும் அதே வசனத்தில் இருக்கிறது. ஆகவே அகராதியைத் திறப்பதற்கு முன், பெயரைச் சுற்றியுள்ள வினைகளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

இவ்வகைப் பெயர்களில் என்னை மிகவும் கவர்ந்தது, சம்கார் ஏந்திய தாற்றுக்கோலின் பெயரான 'மல்மாத்' (நியாயாதிபதிகள் 3:31). அதன் வேரான ல-ம-த, கற்றலையும் கற்பித்தலையும் குறிக்கிறது. ஓசியா 10:11 எப்பிராயீமைப் பழக்கப்பட்ட கடாரி என்று சொல்லும்போதும் இந்த வேரையே ஆள்வதால், மாட்டைப் பழக்கும் கோல் என்ற கருத்தில் பெயர் அமைந்தது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். பலிபீடமாகிய 'மிஸ்பேயாஹ்' பலியிடும் இடம். 'மிஷ்கான்' தங்கும் இடம்.

இங்கே இரண்டு இடர்களைக் கவனிக்க வேண்டும். வேரின் முதல் மெய் 'ந' ஆக இருந்தால் அது பெரும்பாலும் அடுத்த மெய்யோடு கலந்து மறைந்துவிடும். எரேமியா 6:29இல் வரும் துருத்தியின் பெயரான 'மப்பூவாஹ்', ஊதுதலைக் குறிக்கும் ந-ப-ஹ என்ற வேரைச் சேர்ந்தது என்பதற்கு, இரட்டித்து நிற்கும் 'ப்ப' ஒன்றே அடையாளம். மாறாக, உப்பைக் குறிக்கும் 'மெலஹ்' என்ற சொல்லில் 'ம' வேரின் பகுதியே என்பதால், அதை முன்னொட்டு என்று வெட்டிவிடக் கூடாது.

'ஆயிம்' என்ற முடிவு இருந்தால் அது பெரும்பாலும் இருமை விகுதி; கருவிப் பெயர்களில், பொருள் இரு பாகங்களால் ஆனது என்று பெயரே சொல்லிவிடும். குறடு அப்படிப்பட்டது, இரு கற்களால் ஆன திரிகையாகிய 'ரேஹாயிம்' என்பதும் அப்படித்தான். அந்தத் திரிகையின் மேற்கல்லுக்கு உபாகமம் 24:6 தரும் பெயர் 'ரெகெவ்'. ஏறிச் செல்லுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த இச்சொல், கீழ்க்கல்லின்மேல் ஏறி அமர்ந்த கல்லைக் கண்முன் நிறுத்துகிறது. அபிமெலேக்கின் தலையில் ஒரு பெண் போட்டதும் இந்தக் கல்லின் துண்டுதான் (நியாயாதிபதிகள் 9:53).

வினை எதுவும் கிடைக்காதபோது, பெயர் வேறொரு பொருளிலிருந்து வந்ததா என்று தேடுங்கள். சிம்சோனைக் கட்டிய விலங்கின் பெயரான 'நெஹுஷ்தாயிம்', வெண்கலத்தைக் குறிக்கும் 'நெஹோஷெத்' என்ற சொல்லின் இருமை வடிவம், செய்பொருளே பெயராகிவிட்டது. உடலுறுப்புகளும் தாராளமாகப் பெயர் தந்திருக்கின்றன: ஆகான் ஒளித்துவைத்த 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளம் எபிரெயத்தில் பொன் 'நாக்கு' (யோசுவா 7:21), எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தின் தூபகரண்டி 'உள்ளங்கை'. எரேமியா 19:1இன் மண்கலசமான 'பக்புக்', நீர் ஊற்றும் ஓசையை ஒலித்துக் காட்டுகிறது என்பது பரவலான கருத்து.

இவை எதிலும் அடங்காத சொல் அயல்மொழியிலிருந்து வந்திருக்கலாம். ஆலயத்தைக் குறிக்கும் 'ஹேகால்' என்ற சொல்லுக்கு எபிரெய வேர் தேடுவது வீண். அது 'பெரிய வீடு' என்ற சுமேரியத் தொடர் அக்காடிய மொழி வழியாக வந்து சேர்ந்தது.

கடைசியாக, கண்ட வேரை வேர் வாரியாக அடுக்கப்பட்ட அகராதியில் சரிபாருங்கள். பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் தொகுத்து 1906இல் வெளிவந்த அகராதி இதற்கு இன்றும் உதவும். மெய்கள் ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கட்டுவதை நான் உறுதியாக எதிர்ப்பேன். அப்பமாகிய 'லெஹெம்', போராகிய 'மில்ஹாமா' இரண்டிலும் ல-ஹ-ம உண்டு. அதை வைத்து அப்பத்துக்காகவே போர் நடந்தது என்று விளக்கம் எழுதினால், வசனத்தில் இல்லாத ஒன்றை வசனத்தின்மேல் ஏற்றுவதாகும். வேர் எதைக் காட்டினாலும், அந்தப் பெயர் வரும் எல்லா வசனங்களையும் படித்து, அங்கே அந்தப் பொருள் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.