அலுமினியத்துக்கு எண்ட் மில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில், 6061 என்ற கிரேடு அலுமினியப் பிளேட்டில் 10 மி.மீ. அகலக் காடி ஓடிக்கொண்டிருந்தபோது, வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத கார்பைடு எண்ட் மில் (சுழன்று உலோகத்தைச் சீவும் கட்டர்) முறிந்தது. மெஷினில் நின்ற தம்பி, "அண்ணாச்சி, விலை கூடுன கட்டர்லா இது!" என்று கலங்கிப்போனான். முறிந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். வெட்டுமுனை மழுங்கவே இல்லை. கருநீலப் பூச்சும் உரியவில்லை. ஆனால் பற்களுக்கு இடையே சீவல் வெளியேறும் பள்ளங்களான நான்கு புளூட்டுகளும் வெள்ளை அலுமினியம் அப்பி நிரம்பி, கட்டர் ஒரு மொட்டைக் கம்பியாக மாறியிருந்தது.

இரும்பு கட்டரைத் தேய்க்கும். அலுமினியம் கட்டரில் ஒட்டும். ஆகவே அலுமினியத்துக்குக் கட்டர் வாங்குகிறவர், அது எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு முன்னால், வெட்டிய சீவல் எந்த வழியாக வெளியே போகும் என்பதைத்தான் கேட்க வேண்டும். நம் பட்டறைகளில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை, எஃகு வேலைக்குப் பழகிய கண்ணோடு அலுமினியத்துக்கும் கட்டர் எடுப்பதால் வருபவை.

முதலாவது, பல் கூடினால் வேலை வேகமாகும் என்ற எண்ணம். அலுமினியச் சீவல் தடிமனாகவும் மிகுதியாகவும் வருவதால் அதற்கு அகலமான பள்ளம் வேண்டும். நான்கு புளூட் கட்டரில் அந்த இடம் கிடையாது. காடிக்கு இரண்டு புளூட், பக்கவாட்டு வெட்டுக்கும் பினிஷிங்குக்கும் மூன்று புளூட் என்று வைத்துக்கொள்ளலாம். புளூட்டின் சுருள் கோணம் 40 பாகையை ஒட்டி இருந்தால் சீவல் மேல்நோக்கி எளிதாக ஏறிவிடும்.

இரண்டாவது தவறு பூச்சில் நேர்கிறது. கருநீல நிறத்தில் வரும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு, எஃகை வெட்டும்போது எழும் கடும் சூட்டைத் தாங்குவதற்கானது. அலுமினியம் அதன்மேல் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதைவிட, பூச்சே இல்லாமல், புளூட்டின் உள்புறம் கண்ணாடிபோல் பாலிஷ் செய்த கூர்மையான கார்பைடு கட்டர் நன்றாக வேலை செய்யும். பூச்சு வேண்டுமென்றால் சிர்கோனியம் நைட்ரைடு, டைட்டானியம் டைபோரைடு அல்லது டி.எல்.சி. (வைரம் போன்ற கார்பன் பூச்சு) கேட்டு வாங்குங்கள். வெட்டும் துண்டை மட்டும் கழற்றி மாற்றும் இன்சர்ட் கட்டர் வைத்திருப்பவர்கள், பெட்டியில் பச்சை நிறமிட்ட 'என்' பிரிவைத் தேட வேண்டும். நீல நிறமிட்ட 'பி' பிரிவு எஃகுக்கு உரியது.

அலுமினியம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லா உலோகமும் ஒன்றல்ல. 6061-இல் சிலிக்கான் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பம்ப் பாகங்கள் வார்க்கப் பயன்படும் எல்.எம்.6 என்ற அலுமினியக் கலவையிலோ அது 10 முதல் 13 சதவீதம் வரை இருக்கும். அந்தச் சிலிக்கான் துகள்கள் உப்புத்தாள்போல் முனையைத் தேய்த்துவிடும். அங்கே வைரப் பூச்சு உதவும். ஆயிரக்கணக்கில் ஒரே பாகம் ஓடுமானால் பி.சி.டி. (செயற்கை வைரத் துகள்களைச் சேர்த்து இறுக்கியது) முனை கொண்ட கட்டரின் விலை கட்டுப்படியாகும். கிரேடு தெரியாத பழைய உலோகத்தை மலிவாக வாங்கி வந்துவிட்டு, கட்டர் சரியில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது.

கட்டர் முறிந்துவிடுமே என்ற பயத்தில், கட்டர் உலோகத்தில் முன்னேறும் வேகமான பீட்டைக் குறைப்பதும் தவறுதான். பல் உலோகத்துக்குள் இறங்காமல் உரசினால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஒட்டும், ஒட்டினால் முறியும். 10 மி.மீ. இரண்டு புளூட் கட்டரை 6000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால், பல் ஒன்றுக்கு 0.06 மி.மீ. என்று கணக்கிட்டு நிமிடத்துக்கு 720 மி.மீ. பீட் கொடுக்கலாம். வெட்டுவேகம், அதாவது பல்லின் முனை சுற்றி ஓடும் வேகம், அப்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 188 மீட்டர். கார்பைடு இதற்கு மேலும் தாங்கும். கூலண்ட் அல்லது ஏர், சீவலைக் காடியை விட்டு வெளியேற்றுமாறு கட்டரின் முனையை நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். அன்று முறிந்த கட்டருக்கு அதுவும் இல்லை. கூலண்ட் பைப் காடியைத் தாண்டி, பிளேட்டைப் பிடித்திருந்த வைஸின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தது.

நீளத்தையும் கவனியுங்கள். எல்லா வேலைக்கும் உதவும் என்று நீளக் கட்டர் வாங்குகிறார்கள். கட்டரைப் பிடிக்கும் கோலெட்டுக்கு வெளியே 30 மி.மீ. நீட்டியிருந்ததை 45 மி.மீ. ஆக்கினால், அதே விசைக்குக் கட்டர் மூன்று மடங்குக்கும் மேலாக வளையும். வெட்டிய பக்கச் சுவரில் அதிர்வு வரிகள் விழும். வேலையின் ஆழத்துக்குப் போதுமான குட்டைக் கட்டரே நல்லது.

அலுமினியக் கட்டர்களுக்குத் தனி டப்பா வையுங்கள். ஒருமுறை எஃகில் இறங்கிய முனையில், கண்ணுக்குத் தெரியாத சிறு சிதைவு இருந்தாலும், அலுமினியம் முதலில் ஒட்டத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.