ஏடிஎச்டி உள்ள பெரியவர்கள் தம்மோடு கனிவாகப் பேசப் பழகுவது எப்படி?

முப்பது வயதுக்குப் பிறகு தமக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, இருப்பதாக அறிந்துகொள்பவர்களில் பலர், அதுவரை அந்தக் கோளாறுக்கு வேறு பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். சோம்பேறி, பொறுப்பில்லாதவன், எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவள் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லப்பட்டவை, சொன்னவர்கள் மறந்த பின்னும் உள்ளே தங்கி, சாவி தொலையும்போதெல்லாம் நம் குரலிலேயே ஒலிக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையின்படி இதன் அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். ஆகவே, நோய் இன்னதென்று இப்போதுதான் தெரிந்திருந்தாலும், அதற்கான வசவு பல ஆண்டுகளாக விழுந்துகொண்டிருக்கிறது.

அந்த வசவு இல்லாவிட்டால் வேலையே நடக்காது என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். கடைசி நேரப் பதற்றத்தில் வேலை முடிந்துவிடுவது உண்டு என்பதால் அந்த நம்பிக்கை வலுப்படவும் செய்கிறது. ஆனால், எந்த வேலையை நினைத்தாலே அவமானம் கிளம்புகிறதோ, அந்த வேலையைத்தான் மனம் மேலும் தள்ளிப்போடும். கனடாவில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாளைக் கடத்தியதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே நாளைக் கடத்தினார்கள். அவர்கள் ஏடிஎச்டிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்றாலும், தன்னை மன்னிப்பவர் மேலும் சோம்பிவிடுவார் என்ற அச்சத்துக்கு அது நல்ல பதிலாகும்.

பழகத் தொடங்கும்போது எதையும் மாற்ற முயல வேண்டாம். உள்ளே எழும் வாக்கியத்தை, எழுந்த மொழியிலேயே, கொச்சை உட்பட, கைபேசியில் குறித்துக்கொள்வது மட்டும் போதும். வங்கிக் கணக்கில் பணம் இருந்தும், குறுஞ்செய்தி வந்தும், மின் கட்டணம் கட்டாமல் கெடு தாண்டி, வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எழுவது, “ஒரு கரண்டு பில்லு கட்டத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்குக் குடும்பம் நடத்துற” என்பதாக இருக்கலாம். எழுதிப் பார்த்தால், அதில் நடந்தது ஒன்றுதான்: கட்டணம் கட்டப்படவில்லை. மற்றதெல்லாம் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பின் இடத்தில் புகழ்ச்சியை வைக்கக் கூடாது. தன்மதிப்புக் குறைந்தவர்கள் தம்மை உயர்த்தும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை மேலும் தாழ்ந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மனம் நம்பாததைச் சொல்லும்போது அதற்கு எதிரான சாட்சிகளை மனமே தேடித் தருகிறது. ஆகவே நமக்குத் தேவையானது இனிமையான வாக்கியம் அன்று, சரியான வாக்கியம். அது என்ன நடந்தது, எந்த இடத்தில் கைநழுவியது, இப்போது செய்ய வேண்டியது என்ன என்பவற்றைச் சொல்ல வேண்டும். “பில்லு கட்டல. மெசேஜைப் பார்த்தேன், அப்புறம் கட்டலாம்னு மூடுனேன், மூடுனதும் நினைப்புலேருந்து போயிடுச்சு. இப்ப போன்லயே கட்டிட்டு, இணைப்பு குடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த தடவை மூடுறதுக்கு முன்னாடி அலாரம் வைக்கலாம்.” இதில் நடுவில் உள்ள பகுதியே மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். செய்ய வேண்டியது தெரியாமல் இருப்பது அன்று, தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாமல் போவதே இந்தக் கோளாறு என்று உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். கைநழுவிய இடம் தெரிந்தால் அங்கே ஓர் அலாரத்தை வைக்க முடியும். “துப்பில்ல” என்பதில் எதையும் வைக்க முடியாது.

இது சாக்குப்போக்கு ஆகிவிடாதா என்ற கேள்வி எழுவது நியாயமே. காரணத்தோடு நின்றுவிட்டால் அது சாக்கு. அடுத்து செய்யப்போவதையும், பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்துக்கொண்டால் அது பொறுப்பு. நண்பரைக் காக்க வைத்துவிட்டு, “நான் எதுக்கும் லாயக்கில்லாதவன், மன்னிச்சிடு” என்று சொன்னால், காத்திருந்தவரே நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடுகிறது. “அரை மணி நேரம் நிக்க வச்சுட்டேன், தப்புதான். கிளம்புற நேரத்தைத் தப்பாக் கணக்குப் போட்டேன்” என்பது கனிவானது, நேர்மையானதும்கூட.

சொல்லும் முறையிலும் ஒன்றைக் கவனிக்கலாம். உளவியலாளர் ஈதன் கிராஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நெருக்கடியான தருணத்தில் ‘நான்’ என்று சொல்லாமல் தம் பெயரைச் சொல்லித் தம்மோடு பேசியவர்களுக்குப் பதற்றமும் பிறகு எழும் அவமானமும் குறைந்திருந்தன. தம்பியிடமோ தோழியிடமோ பேசும் குரலில் உங்கள் பெயரைச் சொல்லி, “சரி விடு, இப்ப எதுலேருந்து ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். தனியாக இருக்கும்போது வாய்விட்டே சொல்லலாம்.

இந்தப் பயிற்சியையே மறந்துவிடுவீர்கள் என்பதையும் எதிர்பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். அந்த வாக்கியம் தேவைப்படுவது சாவியைத் தேடும் வாசலிலும், திறக்கப் பயப்படும் மின்னஞ்சலின் முன்னும்தான். ஆகவே அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி மூடிவைக்காமல், கதவருகிலும் கணினித் திரையின் ஓரத்திலும் ஒட்டிவையுங்கள். கண் பழகிவிட்டால் சீட்டு மறைந்துபோகும், அப்போது நிறத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். சில வாரங்கள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், புதிதாகச் சபதம் எடுக்க வேண்டியதில்லை.

இது மருந்துக்கோ சிகிச்சைக்கோ மாற்று அன்று. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களிடம் மனச்சோர்வும் பதற்ற நோயும் சேர்ந்திருப்பது சாதாரணமாகக் காணப்படுவது. உள்ளே எழும் குரல், நீ இருந்து என்ன பயன் என்று கேட்கத் தொடங்கினால், வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் உடனே மனநல மருத்துவரை அணுகுங்கள். இந்தியாவில் உள்ளவர்கள் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஓர் உதவி கேளுங்கள். “மறுபடியும் மறந்துட்டியா?” என்ற கேள்விக்கு, ஆமாம் என்று தலைகுனிவதைத் தவிர வேறு பதில் இல்லை. அதற்குப் பதிலாக “இப்பவே முடிச்சிடலாமா?” என்று கேட்கும்படி சொல்லுங்கள். சண்டை நடக்கும் வேளையில் சொன்னால் அது குற்றச்சாட்டாகவே கேட்கும் என்பதால், இருவரும் நிதானமாக இருக்கும் ஒரு மாலையில் சொல்வது நல்லது.