ஜிப்ரால்டர் பாறையை மேப்பில் படிப்பது எப்படி?

ஒரு கடல்முனையின் வானிலையைப் புரிந்துகொள்ள நிறைய பேர் முதலில் வெப்பநிலை அட்டவணையைத் தேடுவார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாறையின் வடிவம், அப்புறம் காற்று. இதைப் பழக ஜிப்ரால்டர் அருமையான இடம்.

படி 1: கூகுள் எர்த்தில் ஸ்பெயினின் தென்கோடிக்குப் போங்கள். பாறையை ஸ்பெயினோடு இணைப்பது வடக்கே இருக்கிற தட்டையான மணல் நிலம் மட்டும்தான், விமான ஓடுபாதைகூட அதன்மேல்தான் இருக்கிறது. தெற்கே நீரிணை, அக்கரையில் ஆப்பிரிக்கா. நீரிணையின் மிகக் குறுகலான இடம் சுமார் 14 கிலோமீட்டர்.

படி 2: படத்தைச் சாய்த்துப் பாருங்கள். கிழக்குப் பக்கம் செங்குத்து, மேற்குப் பக்கம் சரிவு, ஊர் இருப்பது அந்தச் சரிவில். உச்சி 426 மீட்டர். பெரும்பாலும் ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறை என்பதால் மழைநீர் அதைக் கரைத்து உள்ளே குகைகளாகக் குடைந்திருக்கிறது.

படி 3: இதில் நிதானமாக நில்லுங்கள். இரண்டு கண்டத்து மலைகளுக்கும் நடுவே காற்று புனலில் போவதுபோல் நெருக்கிக்கொண்டு போகிறது, அதனால் பெரும்பாலும் இரண்டே திசைதான்: மேற்கிலிருந்து பொனியென்டே, கிழக்கிலிருந்து லெவாண்டர். லெவாண்டர் கடல் ஈரத்தோடு வந்து செங்குத்துச் சுவரில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, உச்சியிலிருந்து மேற்கே நீளும் மேகமாகிறது. காற்று ஓடிக்கொண்டே இருக்கும், மேகம் மட்டும் அங்கேயே நிற்கும். ஒரு பக்கம் புதிதாக உருவாகி மறுபக்கம் கரைந்துகொண்டே இருப்பதுதான் காரணம். கீழே ஊர் புழுக்கத்தில் கிடக்க, சற்றுத் தள்ளி வெயில் அடிக்கும். தமிழில் கொண்டல் என்றால் கீழைக்காற்று, மேகம் இரண்டும்தான். லெவாண்டருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

படி 4: இப்போது மழை அட்டவணையைத் திறங்கள். நவம்பர், டிசம்பரில் நல்ல மழை, ஜூலையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கோடையில் அசோரஸ் உயரழுத்தம், அதாவது அட்லாண்டிக்கில் அசோரஸ் தீவுகள் பக்கம் நிலைகொள்ளும் அதிகக் காற்றழுத்தப் பகுதி, மழையைத் தடுத்துவிடுகிறது. ஆறும் கிடையாது. அதனால்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு மணற்சரிவில் தகரம் வேய்ந்து, மழைநீரைப் பாறைக்குள் குடைந்த தொட்டிகளில் பிடித்தார்கள்.

சரி, பயிற்சி: ஒரு வாரம் தினமும் காற்றின் திசையை மட்டும் பார்த்து உச்சியில் மேகம் இருக்குமா என்று ஊகியுங்கள், பிறகு நேரலைக் கேமரா கிடைத்தால் சரிபாருங்கள்.