கரீபியன் பாய்மரப் படகுப் பயணத்தில் டைவ் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகு எடுப்பவர்கள் பலரும் முதல் வேலையாக வரைபடத்தை விரித்து, சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்கும் டைவ் இடங்களுக்கெல்லாம் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்கிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். தீவுகள் பக்கம் பக்கமாக இருப்பதால் எல்லா இடத்துக்கும் போய்விடலாம் போலத்தான் தெரியும். ஆனால் இந்தத் திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து, இன்னும் சரியாகச் சொன்னால் ஊருக்குத் திரும்பும் விமான நேரத்திலிருந்து, பின்னோக்கிப் போட வேண்டும்.

காரணம் நைட்ரஜன். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் உடலில் கரைந்து தங்குகிறது, மேலே வந்த பிறகும் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறுகிறது. அதற்குள் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறையும்போது அது குமிழிகளாகி மூட்டிலோ நரம்பிலோ மாட்டிக்கொள்ளலாம். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் கணக்கு, ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம். நான் 24 மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை 8 மணிக்கு விமானம் என்றால் வெள்ளி காலை 8 மணிக்குள் கடைசி டைவ் முடிந்திருக்க வேண்டும், அதாவது நடைமுறையில் வியாழனோடு சரி. இங்கே விமான நிலையம் இருக்கும் பீஃப் தீவிலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குப் போகும் குட்டி விமானமும் விமானம்தான், அதை விட்டுவிட்டு அடுத்த பெரிய விமானத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள்.

அதனால்தான் சால்ட் தீவருகே மூழ்கிக் கிடக்கும் ரோன் கப்பலைக் கடைசிக்கு வைக்காதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அந்தத் தீவு, டார்ட்டோலாவில் இருக்கும் தலைநகர் ரோட் டவுனுக்கு எதிர்ப்பக்கம், நடுவிலுள்ள டிரேக் சேனல் என்ற கடல்பகுதியைத் தாண்டினால் வந்துவிடும். திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கடைசி நாள் காற்று சரியில்லை, விமானக் கணக்கும் இடிக்கிறது என்றால், இத்தனை தூரம் வந்து அதைப் பார்க்காமலே போவீர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வைத்துக்கொண்டால், அலை சரியில்லாவிட்டாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

1867 அக்டோபர் 29 அன்று புயலில் சிக்கிய அந்த பிரிட்டிஷ் தபால் கப்பல், திறந்த கடலுக்குத் தப்பிக்கப் பார்த்தபோது சால்ட் தீவின் பாறையில் மோதி இரண்டாக உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பகுதி சுமார் 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, பின்பகுதியோ 10 மீட்டருக்குள்ளேயே தொடங்கிவிடும். முதல் டைவில் ஆழமான முன்பகுதி, மேலே வந்து இளைப்பாறிவிட்டு இரண்டாவதில் பின்பகுதி என்று போவதுதான் வழக்கம். பின்பகுதியில் ஒரு பித்தளை ஜன்னல் வளையம் இருக்கிறது. சுற்றியுள்ள இரும்பையெல்லாம் பவளமும் கடற்பஞ்சும் மூடியிருக்க, அது மட்டும் தேய்த்துத் துலக்கிய குத்துவிளக்கு போலப் பளபளக்கும். அதிர்ஷ்டம் என்று சொல்லி வருகிற டைவர் எல்லாம் கையால் தேய்த்துவிட்டுப் போவதால் வந்த பளபளப்பு. பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

டைவ் பயிற்சியின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழின் வரம்பு 18 மீட்டர். முன்பகுதிக்கு அது போதாது, அடுத்த நிலை டைவ் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்கள் முதல் டைவை நார்மன் தீவு பக்கம் இருக்கும் இண்டியன்ஸ் பாறைகளில் வையுங்கள். ஆழம் 15 மீட்டர் அளவுதான், மிதக்காமல் இறங்க இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் தேவை என்பதையும் அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

அடுத்த தவறு, போன இடத்தில் நங்கூரம் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ரோன் கிடக்கும் இடம் தேசியப் பூங்கா, நங்கூரம் போடவே கூடாது. தேசியப் பூங்கா அறக்கட்டளை கடலடியோடு பிணைத்துக் கட்டியிருக்கும் மூரிங் மிதவைகளில்தான் படகைக் கட்ட வேண்டும், அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மிதவைகளுக்கு நிறம் உண்டு. டைவ் செய்ய வரும் நம்மைப் போன்ற படகுகளுக்கு வெள்ளை, டைவ் கடைகளின் படகுகளுக்கு மஞ்சள், டிங்கி என்ற குட்டிப் படகுக்கு நீலம். வெள்ளையில் 90 நிமிடம்தான், முதலில் வந்தவருக்கே இடம், இரவு தங்க முடியாது. கட்டிய பிறகு நிதானமாக சூட் மாட்டி, முகமூடி தேடி, யாருக்கு எந்த பெல்ட் என்று பேசிக்கொண்டிருந்தால் அதிலேயே 40 நிமிடம் போய்விடும். வரும் வழியிலேயே எல்லாவற்றையும் பூட்டி, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரில் மூச்சிழுத்துப் பார்த்து வைத்துவிடுங்கள். காலை 8 மணிக்கு அங்கே இருந்தால் இடமும் கிடைக்கும், கூட்டமும் இருக்காது.

காற்று இங்கே பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வரும், சாதாரண நாளில் 15 முதல் 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம். டார்ட்டோலாவிலிருந்து கிழக்கே வர்ஜின் கோர்டா தீவுக்குப் போவதென்றால் எதிர்க்காற்று. பாய்மரம் நேராகப் போகாது, குறுக்கும் நெடுக்குமாக வளைந்துதான் ஏற வேண்டும். வரைபடத்தில் இரண்டு மணி நேரமாகத் தெரிவது நான்கு மணி நேரம் ஆகிவிடும், டிசம்பர், ஜனவரியில் காற்று இன்னும் பலமாக அடிக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய அலை இறங்கினால் தீவுகளின் வடபக்கத்தை மறந்துவிடுங்கள். 1981-இல் மூழ்கிய சிக்குசென் என்ற ஜப்பானியக் கப்பல் அந்தப் பக்கம் திறந்த கடலில்தான் கிடக்கிறது. கடல் அமைதியாக இருந்தால் மட்டுமே போகக்கூடிய இடம் அது, அதை எந்த நாளுக்கும் நிச்சயமென்று எழுதி வைக்காதீர்கள். இரவு தங்கும் மிதவைகளும் மதியம் தாண்டினால் நிரம்பிவிடும். காலையில் டைவ், 11 மணிக்குள் கிளம்பல், 2 மணிக்குள் அடுத்த இடம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு டைவ் இடம்தான் கணக்கில் வரும். அது போதும்.

சிலிண்டர் விஷயத்துக்கு வருவோம். கேப்டன் இல்லாமல் நீங்களே ஓட்டும் வாடகைப் படகில் பொதுவாகக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் இருக்காது. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு டைவ் என்றால் 12 சிலிண்டர், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 கிலோ. ஒருமுறை ஒரு சிலிண்டரைச் சரியாகக் கட்டாமல் வைத்துவிட்டோம். பாயைத் திருப்பியதும் படகு சாய்ந்தது, அது காக்பிட்டில், அதாவது படகில் நாங்கள் உட்கார்ந்து ஓட்டும் இடத்தில், உருண்டு என் நண்பரின் காலுக்கு நான்கு விரல் தூரத்தில் சுவரில் மோதி நின்றது. அன்றிலிருந்து என் பயணங்களில் சிலிண்டர் ஏற்றுவதில்லை. உங்கள் படகு நிற்கும் இடத்துக்கே டைவ் கடைக்காரர் தன் படகில் வந்து கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு இங்கே வெகு சாதாரணம். செலவு கூடுதல்தான். ஆனால் நீரோட்டம் தெரிந்த வழிகாட்டி வருவார், மிதவைக் கவலையும் இருக்காது. ரோனுக்காவது இதைச் செய்யுங்கள்.

நீங்களாகவே போவதென்றால் ஒப்பந்தத்தில் டைவுக்கு அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள். அப்புறம், எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கவே கூடாது. இன்ஜினை இயக்கத் தெரிந்த ஒருவர் மேலே இருக்க வேண்டும். நீரோட்டம் ஒரு டைவரை நூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விட்டால், ஆளில்லாத படகு வெறும் பிளாஸ்டிக் ஓடு.

ரம் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தத் தீவுகளில் அது தண்ணீர் மாதிரி ஓடும். யோஸ்ட் வான் டைக் தீவில் மாலை முழுக்கக் குடித்துவிட்டு மறுநாள் காலை 24 மீட்டருக்கு இறங்குவது ஆபத்து. உடலில் நீர் வற்றியிருந்தால் குமிழி நோய்க்கான வாய்ப்பு கூடும் என்பார்கள். கடல் மயக்கத்தில் வாந்தி எடுத்தவருக்கும் இதே கதைதான். அந்த மாலையை டைவ் இல்லாத நாளுக்கு முன்னால் வைத்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை.

அமெரிக்கப் பக்கத்து செயின்ட் ஜான் தீவையும் அதே வாரத்தில் சேர்க்கிறவர்கள், இரண்டும் வேறு வேறு நிர்வாகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். போகும்போதும் வரும்போதும் சுங்கம், குடியேற்றம் எல்லாம் முடிக்க வேண்டும், அரை நாள் போய்விடும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே அமெரிக்க விசா வேண்டும்.

டைவ் இல்லாத அந்தக் கடைசி நாளுக்கு நார்மன் தீவின் குகைகளை வையுங்கள், முகமூடியும் ஸ்னார்கெல் குழாயும் போதும். மதியத்துக்குள் படகை வாடகைக்கு எடுத்த தளத்துக்கு வந்துவிட்டால் அங்கே நல்ல தண்ணீர்க் குழாய் இருக்கும். சூட், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் நன்றாக அலசி, படகின் பக்கவாட்டுக் கம்பியில் தொங்கவிடுங்கள், அந்தக் கிழக்குக் காற்றில் பெட்டி கட்டுவதற்குள் காய்ந்துவிடும்.