அரசமைப்புச் சட்டத்தைத் தேதிப் பட்டியலாக்க வேண்டாம்

உயர்நிலை மூன்று, நான்கில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் அரசமைப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது பலர் ஆண்டுகளில்தான் தொடங்குகிறார்கள். 1955 ரெண்டல் அரசமைப்பு (பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வந்த அரசமைப்பு), 1959 தன்னாட்சி, 1963 மலேசியா, 1965 விடுதலை. பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். அதற்குள் நடந்த இழுபறி மட்டும் தெரியாமலே போய்விடும். 1956-இல் தன்னாட்சி பற்றிய லண்டன் பேச்சு முறிந்து முதலமைச்சர் டேவிட் மார்ஷல் பதவி விலகினார். உள்நாட்டுப் பாதுகாப்பு யார் கையில் என்பதில்தான் சிக்கல். பிறகு அமைந்த உள்நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தில் பிரிட்டன் தரப்பில் மூவர், சிங்கப்பூர் தரப்பில் மூவர், மலாயாவிலிருந்து ஒருவர். அந்த ஒருவர் எதற்கு என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். தன்னாட்சி எதுவரை என்பது அந்தக் கேள்வியிலேயே வந்துவிடும்.

இன்னொரு பெரிய தவறு, 1965 ஆகஸ்ட் 9 அன்றே எல்லாம் தயாராக இருந்ததுபோலப் பேசுவது. விடுதலை முதலில் வந்தது, சட்ட ஏற்பாடு பின்னால் வந்தது. டிசம்பர் 22 அன்றுதான் நாடாளுமன்றம் சிங்கப்பூர்க் குடியரசு சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றி, ஆகஸ்ட் 9 முதலே அது நடப்பில் இருந்ததாக ஆக்கியது. மலேசிய அரசமைப்பிலிருந்து அடிப்படை உரிமைகள் பல வந்தன. சொத்துரிமை பற்றிய அதன் 13-ஆம் பிரிவு வரவில்லை. அடுத்த ஆண்டே, பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் நிலக் கையகச் சட்டம் வந்தது. கம்பத்து (கிராமத்து) நிலம் போய் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வந்த கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்ட பிள்ளைக்கு, விடுபட்ட அந்தப் பிரிவின் கனம் சட்டென்று புரியும்.

அப்புறம், பாதி வாசிப்பு. சிங்கப்பூர் அரசமைப்பின் 14-ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் முதல் உட்பிரிவே, அடுத்து வரும் உட்பிரிவுகளுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. அந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதிக்கக்கூடிய காரணங்கள் அங்கேயே வரிசையாக இருக்கின்றன. முழுப் பிரிவையும் மாணவரே உரக்க வாசிக்கட்டும்.

இந்தியாவில் படித்து வந்த பெற்றோர் பிள்ளைக்கு உதவும்போது முகப்புரையைத் தேடுவார்கள். சிங்கப்பூர் அரசமைப்பில் முகப்புரை கிடையாது. நாள்தோறும் பள்ளியில் சொல்லும் பற்றுறுதி 1966-இல் வந்தது, அரசமைப்பின் பகுதி அல்ல. படத்தில் பார்க்கும் ஜூரிகளும் இங்கே இல்லை. அந்த முறை 1970-லேயே போய்விட்டது.

குழுத்தொகுதி (வேட்பாளர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் தொகுதி; அணியில் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்க வேண்டும்), 2017-இல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட அதிபர் தேர்தல் போன்றவற்றை ஆசிரியர்கள் சிலர் தொடவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இடம்பெறுவதை உறுதிசெய்ய 1988-இல் குழுத்தொகுதி வந்தது என்ற அரசின் வாதத்தையும், அது எதிர்க்கட்சிகளுக்குச் சுமையானது என்ற எதிர்வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் நன்றாகவே வாதாடுவார்கள்.

அரசமைப்பின் வாசகம் முழுவதும் சிங்கப்பூர் ஸ்டேச்சூட்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பிரிவு எந்த ஆண்டில் திருத்தப்பட்டது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பாடக்குறிப்பு கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.