இயங்குதளம் மாற்றுவதற்கு முந்தைய நாள்: கோப்புகளைப் பத்திரப்படுத்தும் வழி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து பலர் விண்டோஸ் 11-க்கோ, உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை இலவச இயங்குதளங்களுக்கோ மாறி வருகிறார்கள். இயங்குதளத்தை நிறுவும்போது ஏதாவது தவறினால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். பத்து வருடப் புகைப்படங்களை மறுபடி எடுக்க முடியாது. அதனால் நிறுவுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஒரு நாளை முழுதாக இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

டி டிரைவை நம்பாதீர்கள்

"விண்டோஸ் சி டிரைவில் இருக்கிறது, என் கோப்பெல்லாம் டி டிரைவில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது" என்று நானும் நம்பியிருந்தேன். முதல்முறை லினக்ஸ் நிறுவியபோது "டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். டி டிரைவும் சேர்ந்து போய்விட்டது. அதில் இருந்த குடும்பப் படங்களில் பாதி இன்றுவரை என்னிடம் இல்லை.

பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க்தான். அதை இரண்டாகப் பிரித்து சி, டி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரே அறைக்கு நடுவே தடுப்பு கட்டிய மாதிரி. லினக்ஸை நிறுவும் திரையில் சி, டி என்ற பெயர்களே வராது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்பது போன்ற பெயர்களைத்தான் காட்டும். புதியவர் குழம்ப இதுவே போதும். ஆகவே கணினிக்கு வெளியே இருக்கும் பிரதியை மட்டுமே பிரதி என்று கணக்கில் எடுங்கள்.

படி 1: எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

சி டிரைவில் யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் அதற்குள்தான். இவற்றை யாரும் மறப்பதில்லை. விட்டுப்போவது வேறு சில.

பிரவுசரில் சேமித்த புக்மார்க்கும் பாஸ்வேர்டும் ஒன்று. இரண்டையும் பிரவுசரின் அமைப்புகளில் உள்ள எக்ஸ்போர்ட் வசதி மூலம் கோப்பாக எடுக்கலாம். பாஸ்வேர்டு கோப்பில் எல்லாமே யாரும் படிக்கும்படி அப்படியே எழுதப்பட்டிருக்கும். புதிய பிரவுசரில் ஏற்றியதும் அதை அழித்துவிடுங்கள். கணக்கு எழுதும் மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால், அதன் தரவு அந்த மென்பொருளின் கோப்புறையிலேயே இருக்கக்கூடும். அந்த மென்பொருளின் சொந்த பேக்கப் வசதியைப் பயன்படுத்துவதே நல்லது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டுரை முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கோப்புக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, எழுத்துருதான் இல்லை. எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் பகுதியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் நகலெடுங்கள். முக்கியமான ஆவணங்களை எழுத்துருவையும் உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிட்டால் எந்தக் கணினியிலும் படிக்கலாம்.

அப்புறம், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ். அது இயங்கும் கணினியில் கோப்பின் பக்கத்தில் சின்ன மேகப் படம் தெரிந்தால், அந்தக் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள். அதன்மேல் வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற பொருள் தரும் தேர்வை அழுத்தி, முழுதாக இறங்கிய பிறகே நகலெடுங்கள்.

படி 2: எதில் நகலெடுப்பது?

வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் சிறந்தது. காலி டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் அதைப் படிக்கும், எழுதும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபி அளவை எட்டும் ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது, பெரிய வீடியோக்கள் அங்கேயே நின்றுவிடும்.

இயங்குதளத்தை நிறுவ ஒரு பென்டிரைவ் தயாரிப்பீர்கள் அல்லவா? தயாரிக்கும்போது அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பேக்கப்பை அதில் வைக்கவே கூடாது.

மிக முக்கியமான கோப்புகளுக்கு இரண்டாவது பிரதி ஒன்றும் வேண்டும். இணையச் சேமிப்பகமாக இருந்தாலும் சரி, இன்னொரு பென்டிரைவாக இருந்தாலும் சரி.

படி 3: நகலெடுத்து, திறந்து பாருங்கள்

காப்பி மட்டும் செய்யுங்கள், கட் வேண்டாம். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புறையின் ப்ராப்பர்டீஸைத் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட் அளவையும் ஒப்பிடுங்கள். டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் அளவு என்று இன்னொரு எண்ணும் காட்டும். அது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போதாது. ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்து, வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்புறையிலிருந்தும் நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். வீடியோவை நடுவில் ஓட்டிப் பாருங்கள். வேறு கணினி இல்லாவிட்டாலும் வழி உண்டு. உபுண்டு, மின்ட் இரண்டையும் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அங்கிருந்து உங்கள் பேக்கப் டிஸ்க்கைத் திறந்தால், புதிய இயங்குதளத்தில் அது எப்படித் தெரியும் என்பதும் இப்போதே தெரிந்துவிடும்.

படி 4: பிட்லாக்கர் சாவி

பல விண்டோஸ் கணினிகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே அது தெரியாது. பென்டிரைவிலிருந்து தொடங்குவதற்காக பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் இயங்கும் மென்பொருள்) அமைப்பை மாற்றிய பிறகு விண்டோஸுக்குத் திரும்பினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தேடினால் பெரும்பாலும் அங்கே இருக்கும். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே கணினியில் சேமித்தால் பயனில்லை.

படி 5: நிறுவும் நாள்

பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். செருகியே இருந்தால் அவசரத்தில் அதையே ஃபார்மேட் செய்துவிட வாய்ப்பு இருக்கிறது. டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பெயரைவிட அளவைப் பாருங்கள். அழிப்பது பற்றிய எந்தச் சொல் வந்தாலும் நின்று இரண்டு முறை படியுங்கள்.

தவறிப்போனால்

கோப்பு ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் உடனே கணினியை நிறுத்துங்கள். புதிதாக எழுத எழுத, பழைய தடம் மறையும். பென்டிரைவில் ஓடும் லினக்ஸிலிருந்து, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி முயலலாம். மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்ற புதுவகை, சுழலாத டிஸ்க்கில் இதற்கு வாய்ப்பு குறைவு, அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு அப்கிரேடு செய்தவர்கள் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையையும் பாருங்கள், வழக்கமாகப் பத்து நாட்களில் அது நீங்கிவிடும்.

எல்லாம் திரும்ப வந்த பிறகும் பேக்கப் டிஸ்க்கை இரண்டு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். காணாமல் போன கோப்பு, அது தேவைப்படும் அன்றைக்குத்தான் ஞாபகம் வரும்.